என் வாயில் வந்த உன் குரல்

அம்மா,

உன் வெள்ளைப் புடவையை இன்று சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாஸ்டரம்மா எடுத்துப்போய் நீலம் போட்டு, கஞ்சி போட்டு, தேய்த்து மடித்து வைத்திருந்தார்கள். நீ சபைக்கு மட்டும் கட்டிய புடவைதான். ஆனாலும் நம் வீட்டுக் கொடியில் காய்ந்த எந்தத் துணியையும் ஏரிச் சேற்றின் வாசனை விடுவதில்லை. மடிப்பைப் பிரித்து முகத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் நீ இருந்தாய். பிறகு நைனாவின் குரல் வந்தது. "கசக்கிடாத ரூபி. நாளைக்கு நீ கட்டணும்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் சுசீலா அத்தை என் முன்னால் முழங்கால் போடுவாள். தன் மகள் பியூலாவை சுண்ணாம்புக்குளத்து மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா, ஆண்டவருடைய சித்தம் என்ன என்று என்னிடம் கேட்பாள். நான் முக்காடு போட்டு, ஜெபித்து, ஆண்டவர் சொல்வதை எடுத்துச் சொல்ல வேண்டும். உன் வரம் என்மேல் இறங்கிவிட்டது என்று சபை முடிவு செய்துவிட்டது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அம்மா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நைனா தூங்கிவிட்டார். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். செத்துப்போனவர்களோடு பேசுவது பாவம் என்று நீயே சொல்லிக்கொடுத்திருக்கிறாய். இது பேச்சு இல்லை. நீ பதில் சொல்லப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதும், உனக்குக் கேட்டது யாருடைய குரல் என்பதற்கு நீ பதில் சொல்லவில்லையே.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நம் வாசலில் யாராவது காத்திருப்பார்கள். மகனைத் துறைமுக வேலைக்கு அனுப்பலாமா, பழைய படகை விற்றுவிடலாமா, கோபித்துக்கொண்டு போன மருமகள் திரும்பி வருவாளா. பக்கத்து ஊர் தோணிரேவிலிருந்துகூட வருவார்கள். நீ இறால் நாற்றம் போகக் கையை அலம்பிவிட்டு வந்து உட்காருவாய். முதலில் யாருக்கும் புரியாத பாஷை வரும். பிறகு உன் குரல் மெல்ல இறங்கும். "மகளே" என்று ஆரம்பிப்பாய். உன்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட அந்த ஒரு வார்த்தைக்கே உடைந்து அழுவார்கள். அதுவரை நைனாவை ஊரில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. உனக்கு வரம் வந்த பிறகு சபையில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அதில் அவர் நுனியில்தான் உட்காருவார், யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல.

பள்ளி லீவு நாள்களில் நானும் உன்னோடு ஏரியில் இறங்குவேன். இறால் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் எடுப்பீர்கள். வாயில் கயிறு இருந்தாலும் யார் வாயும் ஓய்ந்ததில்லை.

"சுசீலா, உன் ஊட்டுக்காரன் நேத்து இன்னா பாட்டு பாடினாரு? எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சு."

"பாட்டா? குடிச்சிட்டு வந்து வாந்தி எடுத்துகினு இருந்தான்டி அந்த ஆளு. உனக்கு அது பாட்டா கேட்டுச்சா?"

"ராகமாதான் இருந்துச்சு."

"நீ வாய மூடிகினு தடவு. உன் பறில இறாலே இல்ல, நாக்குதான் கீது."

எல்லோரும் சிரித்ததில் தண்ணீர் கலங்கியது. நீயும் சிரித்தாய். ஆனால் நீ பேச மாட்டாய். கேட்டுக்கொண்டே வருவாய்.

கொஞ்ச நாள் கழித்து அதே சுசீலா அத்தை நம் வீட்டுக்கு ஜெபத்துக்கு வந்தாள். நீ முக்காடு போட்டுக்கொண்டாய். குரல் இறங்கியது. "மகளே, உன் வீட்டில் ஒரு மனிதன் தள்ளாடுகிறதைக் காண்கிறேன்" என்றாய். அத்தை தரையில் விழுந்துவிட்டாள். "யாருக்கும் சொல்லலியே! ஆண்டவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது!" என்று கதறினாள். நான் மூலையில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். ஏரி முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னது என் காதில் இன்னும் இருந்தது. உனக்கும் அது ஞாபகம் இருக்கிறதா என்று உன் முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளம் இல்லை. நீ நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாய்.

அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. நீ பொய்க்காரியாக இருந்திருந்தால் இன்றைக்கு என் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். உன்னை வெறுத்துவிட்டுத் தூங்கிப்போயிருப்பேன்.

அக்காவைப் பற்றியும் நீ தண்ணீரில்தான் கேட்டாய். "உன் பெரிய பொண்ணு பஸ் ஸ்டாண்டுல ஒரு பையனோட நின்னுகினு இருந்தாளாமே. கடல்பக்கத்துக் குப்பத்துப் பையனாம். நல்லா சிரிச்சுகினு இருந்தாளாம்" என்று ஒருத்தி சொன்னாள். உன் பல்லிலிருந்து கயிறு நழுவியது. பறி கவிழ்ந்து, காலையிலிருந்து எடுத்த இறால் எல்லாம் தண்ணீரில் போனது. நான் பறியை மட்டும்தான் பிடித்தேன்.

அந்த வாரம் நீ உபவாசம் இருந்தாய். பிறகு ஒரு காலையில் முகம் தெளிந்து எழுந்து, "ஆண்டவரு காமிச்சுட்டாரு. வெள்ளச் சட்ட போட்ட ஒருத்தரு மேற்கால இருந்து வராரு" என்றாய். பாஸ்டர் கொண்டுவந்த வரன் பொன்னேரிப் பக்கம். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். பெண் பார்க்க வருகிறவர் வேறு எதைப் போட்டுக்கொண்டு வருவார்?

"எனக்கு மட்டும் ஏம்மா ஆண்டவரு ஒண்ணும் காமிக்கல?" என்று அக்கா கேட்டாள்.

"நீ ஜெபிக்கல. அதான்."

"ஜெபிச்சேன்."

"அப்போ நீ கேக்கல."

அந்த மாப்பிள்ளையோடே கல்யாணம் நடந்தது. ஆண்டவர் பேசி முடித்த பிறகு யார் பேச முடியும்?

இப்போது அக்காவின் முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. குழாயடியில் வழுக்கி விழுந்ததாக உன்னிடம் சொன்னாள். நீ அதையும் நம்பி ஜெபித்தாய். குழாயடியில் என் மகளைக் காத்தருளும் என்று, என் பக்கத்தில் முழங்காலில் நின்று கண்ணீரோடு கேட்டாய். நான் ஆமென் சொன்னேன்.

போன வெயில் காலத்தில் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். சபையே உன்னைக் கேட்டது: "சிஸ்டர், உங்களுக்கு ஆண்டவரு இன்னா சொன்னாரு?" நீ எழுந்து நின்று, "ஆயுசைக் கூட்டிக் குடுத்துட்டாரு" என்று சாட்சி சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். நைனா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒருநாள் பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து நீயும் நானும் ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் எல்லாம் வழியில் இறங்கிவிட்டார்கள். டிரைவர் ஏதோ சினிமாப் பாட்டு போட்டிருந்தார். நீ என் தோளில் சாய்ந்திருந்தாய். உன் தலை அவ்வளவு லேசாக இருந்தது.

"ரூபி, எனக்கு ஒண்ணும் கேக்கலடி."

"பாட்டுச் சத்தமாம்மா?"

"இல்ல. அவரு. அவரு ஒண்ணும் சொல்லல."

"எப்போலருந்து?"

நீ புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாய்.

"அப்போ அக்காவுக்குச் சொன்னது?"

நீ தலையை எடுத்துக்கொண்டாய். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பினாய். பிறகு டிரைவரிடம், "தம்பி, அந்தப் பாட்டக் கொஞ்சம் சத்தமா வெய்யி" என்றாய்.

சினிமாப் பாட்டு பாவம் என்று எங்களை ஒருநாளும் கேட்கவிடாத நீ. ஊர் வந்தது. இறங்கினோம். அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ ஜெபத்துக்கு வந்தபோது நீ மறுபடியும் முக்காடு போட்டு, "மகளே" என்று ஆரம்பித்தாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நீ பார்த்தாய். அப்போதாவது என்னைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம், அம்மா. திட்டியாவது இருக்கலாம்.

மழைக்கு முன்னால் நீ போய்விட்டாய். கல்லறையில் உன்னை இறக்கும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, மண்ணில் விழுந்து கை கால் உதறிக்கொண்டிருந்தேனாம். பாஸ்டர் கையை உயர்த்தி, "தொடாதீங்க! அபிஷேகம் இறங்குது!" என்று கத்தியிருக்கிறார். யாரும் தொடவில்லை. அக்காதான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். "நேத்துலருந்து பச்சத் தண்ணி குடிக்கல அவ. அபிஷேகமாம். நவுருங்க" என்று சொல்லி, சோடா பாட்டிலில் இருந்த தண்ணீரை என் முகத்தில் ஊற்றினாள். நான் கண் திறந்தபோது ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உன்னைப் பார்ப்பார்களே, அதே பார்வை.

அக்கா அன்று சாயங்காலமே பஸ் ஏற வேண்டியிருந்தது. இருட்டுவதற்குள் வீட்டில் இல்லாவிட்டால் அவளுக்கு என்ன நடக்கும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "ரூபி, அம்மா கேட்டது ஆண்டவரு சத்தம் இல்லடி. அது அம்மாவோட பயம். பயம்னு அம்மாவுக்கே தெரியல. அவ்ளோதான்" என்றாள். உன்மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. அதை என்னால் தாங்கவே முடியவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுகிறேன்.

போன வாரம் நம் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். மகனைப் பற்றித் தகவல் இல்லாமல் தவிக்கிற ஒரு அம்மாள் வந்திருந்தாள். என் தலையில் கைகளை வைத்து எல்லோரும் ஜெபித்தார்கள். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். ஏதாவது கேட்டுவிடாதா என்று ஆசையாகக்கூட இருந்தது. ஆட்கள் மூச்சு விடுவதும் கொசுவின் சத்தமும்தான் கேட்டன. எனக்கு ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மகளே" என்று வந்தது.

உன் குரல், அம்மா. அதே இறக்கம், அதே இழுப்பு. நான் யோசித்துச் சொல்லவில்லை. "மகளே, நீ தனியாக இல்லை" என்று என் வாய் சொன்னது. அந்த அம்மாள் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். வீடு முழுக்க ஸ்தோத்திரம் என்று சத்தம். நைனா வந்து என் தலையைத் தடவினார். நீ போன பிறகு அவர் என்னைத் தொட்டதே அன்றைக்குத்தான். எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? நெஞ்சு முழுக்க ஒரு அமைதி. உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா?

மறுநாள் பாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "ஐயா, வர்றது ஆண்டவரு சத்தமா, நம்ம சத்தமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அவர் சிரித்தார். "சின்னப் பொண்ணா இருந்தாலும் நல்ல கேள்வி கேக்குற. சொல்லும்போது உள்ளத்துல சமாதானம் இருந்தா அது அவரு சத்தம். சந்தேகம் வந்தா அது சத்துருவோட வேலை."

நீயும் அதைத்தான் சொல்வாய். "எனக்கு ஒரு சமாதானம் வந்துச்சு" என்று. அக்கா கல்யாணத்தின்போதும் உனக்குச் சமாதானம் வந்தது. பயந்துகொண்டிருந்த விஷயம் தீர்ந்துபோனால் யாருக்குத்தான் வராது? அக்காவுக்கு வரவில்லை. யாருடைய சமாதானத்தை ஆண்டவர் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று பாஸ்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்வியையும் சத்துருதான் கேட்டதாகச் சொல்லியிருப்பார்.

பியூலா ப்ளஸ் டூ படிக்கிறாள். என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவள் என்றாலும் சின்ன வயதிலிருந்து வாடி போடிதான். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏய் தீர்க்கதரிசி."

"அப்படிக் கூப்பிடாதடி."

"இன்னா, கோவம் வருதா? எங்கம்மா ஞாயித்துக்கெழம உன் கால்ல வந்து வுழப் போவுது. வேணாம்னு சொல்லிடு. இருட்டா தெரியுது, பாம்பு தெரியுது, எதையாவது சொல்லு. உங்கம்மா எவ்ளோ சொல்லும்!"

"ஆண்டவரு பேர்ல பொய் சொல்லச் சொல்றியா?"

"அந்த ஆளுக்கு எங்க சித்தப்பா வயசுடி. காண்ட்ராக்ட் வேலைன்னு எங்கம்மா மயங்கிக் கெடக்குது. நான் நர்சிங் படிக்கணும். ஒரு பொய் சொன்னா உங்க ஆண்டவரு இன்னா தேஞ்சா பூடுவாரு?"

நான் கையிலிருந்த டிபன் பாக்ஸை மூடினேன். சட்டென்று அவள் குரல் மாறிவிட்டது.

"நீ சரின்னு சொல்லிட்டா அப்புறம் நான் யாருகிட்டடி போய் அழறது? ஆண்டவரயே நீங்கதான புடிச்சி வெச்சுகினு கீறீங்க?"

நேற்று நைனா வலையைப் பிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாப்ள ஊட்டுக்காரங்க பாஸ்டருக்கு வேண்டியவங்க. நல்ல எடம். ஆண்டவரு நல்லதாதான் சொல்லுவாரு, இல்ல ரூபி?" அவர் கட்டளை போடவில்லை. கெஞ்சினார். கட்டளை போட்டிருந்தால் பரவாயில்லை.

இன்றைக்கு முழுவதும் யோசித்தேன். சரி என்று சொன்னால் பியூலா இன்னொரு அக்கா ஆவாள். ஆண்டவர் வேண்டாம் என்கிறார் என்று சொன்னால், அவள் நிச்சயம் தப்பித்துவிடுவாள். சுசீலா அத்தை அந்த வார்த்தையைத் தாண்ட மாட்டாள். நல்ல காரியத்துக்காகச் சொல்லும் பொய்தானே? இரண்டு மூன்று முறை அதைத்தான் செய்வது என்று முடிவெடுத்தும்விட்டேன். ஆனால் நாளை மறுநாள் இன்னொருத்தி வருவாள். அதற்கு அடுத்த வாரம் வேறொருத்தி. இப்போதாவது நான் சொல்வது பொய் என்று எனக்குத் தெரிகிறது. கொஞ்ச நாளில் தெரியாமல் போய்விடும். என் ஆசையும் என் பயமும் உன் குரலில் "மகளே" என்று ஆரம்பிக்கும், நான் அழுதுகொண்டே அதை நம்புவேன். என் வீட்டிலும் ஒரு மகள் மூலையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

இன்று இரவும் முழங்காலில் நின்று கேட்டேன். ஆண்டவரே, எது உண்மை என்று காட்டும், ஒரு வார்த்தை போதும் என்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து கப்பலின் சங்கு ஒருமுறை கேட்டது. வேறொன்றும் இல்லை. அவர் இல்லை என்று நான் நினைக்கவில்லை, அம்மா. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லாமல் இருப்பதுகூட அவருக்குச் செய்யும் மரியாதைதானே? இதை எனக்குச் சொல்லித்தர நீ இருந்தாய். சொல்லித்தரவில்லை.

அதனால் நாளைக்கு நான் முக்காடு போட மாட்டேன். "அத்தை, ஆண்டவரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. பியூலா சொன்னா. வேணாம்னு சொன்னா, படிக்கணும்னு சொன்னா. என் காதுல கேட்டது அது மட்டும்தான்" என்று சொல்வேன். அவளுக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை என்பதையும் எல்லோர் முன்னாலும் சொல்வேன். அதற்கு வெளிப்பாடு தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இதனால் பியூலா தப்பித்துவிடுவாள் என்று எனக்கு உறுதி இல்லை. பொய் சொன்னால் உறுதி. அவள் என்னை மன்னிக்காமல் போகலாம். எனக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்பார்கள். நைனா முன்வரிசையிலிருந்து எழுந்து பின்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். "உங்கம்மாவா இருந்தா கேட்டிருக்கும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஆட்டோவில் நீ சொன்னதை அப்போது சொல்லிவிடுவேனோ என்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் நீ சொன்ன வாக்குகளில் எது உன்னுடையது, எது அவருடையது என்று எனக்குத் தெரியாது. என் தோளில் சாய்ந்து நீ சொன்னது மட்டும் உண்மை. என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். சொத்து என்று நீ எனக்கு வேறெதையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

பயமாக இருக்கிறது, அம்மா. நாளைக்கு வாயைத் திறக்கும்போதும் பயமாகத்தான் இருக்கும். அதைப் பயம் என்றே சொல்வேன். அதற்கு ஆண்டவருடைய பெயரை வைக்க மாட்டேன்.